ஒன்றாம் நம்பர் ஃபார்மேட்

கணையத்தில் வரும் கட்டிகளில் ஏழு வகையை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். உடனே என்னை டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், சலவைக் கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவே இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் நான் டைப்பிஸ்ட். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார், நான் அடிப்பேன். இருபத்திரண்டு வருடம் இப்படி அடித்து அடித்து, பார்த்ததும் நான்தான், சொன்னதும் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பு செய்த காரியத்தை எழுத உட்கார்ந்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

குடும்பத்தில் யாருக்கு என்ன ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் பேசாமல் பார்த்து, ‘ம்’ என்று ஒரு சத்தம் கொடுப்பேன். அந்த ‘ம்’முக்கே பாதிப் பேர் வெலவெலத்துப் போவார்கள். என் தங்கையின் கணவர் எனக்குப் ‘பாதி டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார். மீதிப் பாதி எங்கே என்று யாராவது கேட்டால், அது இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது என்பார். கேலிதான். ஆனால் எனக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. கேலியாக இருந்தாலும் டாக்டர் என்ற சொல் அதில் இருக்கிறதே.

மாப்பிள்ளைக்கு டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கார், கூரைமேல் ஒரு பலகை, அப்புறம் அவர். பக்கத்து சீட்டில் அவர் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முதல் நாளே நான் ஒரு விளக்குக் கம்பத்தைக் குறிபார்த்துப் போனபோது, “மச்சான், அது நமக்கு வழி விடாது, நாமதான் விடணும்” என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் தன் பிரேக்கை அழுத்தினார். அவ்வளவு நிதானமான மனிதர்.

அவருக்குத்தான் முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்ததில், கணையத்தின் வால் பகுதியில் மூன்று சென்டிமீட்டர் கட்டி ஒன்று தெரிந்தது. வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது என்றார் சர்ஜன். எதற்கும் என்ன வகை என்று பார்த்துவிடுவோம் என்று, வாய் வழியாகக் குழாய் விட்டு ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார். மூன்று வாரம் தள்ளி ஆப்பரேஷனுக்கு ஒரு தேதியும் குறித்துக் கொடுத்தார். அந்தச் சதை ஒரு வியாழக்கிழமை காலை, சுண்டுவிரல் உயரப் புட்டியில் மருந்துத் தண்ணீருக்குள் மிதந்துகொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்து சேர்ந்தது.

இங்கே எங்கள் வேலை முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் முதல் வரியிலிருந்து அடித்தால் விடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வகைக் கட்டிக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபார்மேட் வைத்திருக்கிறோம். வாக்கியங்கள் எல்லாம் அதில் தயாராக இருக்கும். பெயர், வயது, அளவு மட்டும் மாற்றினால் போதும். எங்கள் டாக்டர் மேடம் பார்த்துவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் அவர் கையெழுத்தும் தானாக விழுந்துவிடும். கணையத்துக்கு ஏழு ஃபார்மேட். ஒன்றாம் நம்பர், கணையத்துக் குழாயின் உட்சுவரில் பிறக்கும் அடினோகார்சினோமா. கணையப் புற்றுநோய் என்று வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான். பொல்லாதது. கண்டுபிடிக்கிற நேரத்தில் பெரும்பாலும் கல்லீரல் வரைக்கும் போய்க் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். இரண்டாம் நம்பர், ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. அது பெரும்பாலும் ஆமை வேகம். மூன்றும் நான்கும் நீர்ப்பைகள். ஒன்றில் தெளிந்த தண்ணீர் இருக்கும், பரம சாது. மற்றதில் கோழை மாதிரி இருக்கும், இன்றைக்கு நல்ல பிள்ளை, நாளைக்கு எப்படி மாறும் என்று சொல்வதற்கில்லை. குழாய்க்கு உள்ளேயே வளர்ந்து அதை அடைக்கிறது ஐந்தாம் நம்பர். ஆறாவது இளம்பெண்களைத் தேடி வரும். ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்து பயமுறுத்தும், ஆனால் வெட்டி எடுத்தால் அநேகமாகக் கதை முடிந்தது. ஏழாவதை நான் என் சர்வீஸில் நான்கு தடவைதான் அடித்திருக்கிறேன்.

பத்தில் ஒன்பது ஒன்றாம் நம்பர் என்பதால், நானாக ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கணையம் என்று ஒரு புட்டி வந்ததும், யாரும் சொல்வதற்கு முன்பே ஒன்றாம் நம்பரைத் திறந்து நோயாளியின் பெயரைப் போட்டு வைத்துவிடுவேன். மேடம் வேறு நம்பர் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்யாதீர்கள் என்று மேடம் ஒருதரம் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டிவிட்டு அப்படியேதான் செய்துகொண்டிருந்தேன். நாலு பேர் செய்கிற வேலையை நான் ஒருவனே செய்கிறேன் என்ற மிதப்பு எனக்கு.

அன்றைக்கும் அதே கைப்பழக்கத்தில் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டேன். வயதைப் போட்டேன். சேமித்தேன். பிறகு நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். மேலே அவர் பெயர். கீழே, எத்தனையோ ஆயிரம் முறை பார்த்துப் பழகிய வாக்கியங்கள். பழகிய வாக்கியங்கள்தான், ஆனால் தெரிந்த ஒருவர் பெயருக்குக் கீழே அவற்றை நான் பார்த்ததே இல்லை. அவர் சதை இன்னும் புட்டிக்குள்தான் இருந்தது, சீவுவதற்காக மெழுகில் பதிக்கக்கூட இல்லை, கண்ணாடித் தகட்டுக்குப் போகவில்லை, மேடம் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், நானே அடித்ததை நானே படித்து நம்பினேன்.

சரியாக அப்போது தங்கை போன் செய்தாள். சாம்பிள் வந்துவிட்டதா, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். ‘ஒரு வாரம் ஆகும், பொறு’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். ஒரு ‘ம்’ போட்டேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

“கெட்டதுதாம்மா. ரொம்பக் கெட்ட வகை” என்றேன்.

எவ்வளவு நாள் என்று கேட்டாள். ஆறு மாதம், மிஞ்சிப் போனால் எட்டு என்றேன். ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறாரே, அது என்னாவது என்றாள். அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

“வெட்டிக்கிட்டவங்க யாரும் நல்லா இருந்ததா என் கைக்கு ஒரு ரிப்போர்ட் வந்ததில்ல. இருக்கற நாளை ஆஸ்பத்திரியில கழிக்கணுமா, வீட்டுல கழிக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க” என்றேன்.

அப்புறம், நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதே, வேலை போய்விடும் என்றும் சொன்னேன். போனை வைத்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நிஜமாகவே அழுதேன். ஆனால் அந்த அழுகைக்குள்ளும், குடும்பத்தில் எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு மூலையில் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறது.

மறுநாளே மாப்பிள்ளை சர்ஜனுக்குப் போன் செய்து ஆப்பரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரிப்போர்ட் வாங்க வரவில்லையா என்று அங்கிருந்து இரண்டு தடவை கேட்டார்களாம். வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று மழுப்பியிருக்கிறார். ஏன் தெரியுமா? நேரில் போனால், முன்பே தெரியும் என்பது தன் முகத்தில் தெரிந்து, என் வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்று. செத்துப் போகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் செய்தார். இருபது வருடமாகக் கெஞ்சியும் ஸ்டியரிங்கைத் தொடாத என் தங்கையை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தார். தனக்குப் பிறகு ஸ்கூலை அவள் நடத்த வேண்டும் என்று தினமும் காலையும் மாலையும் பாடம். அவள் அழுதுகொண்டே கிளட்சை மிதிப்பாளாம். கண்ணைத் துடைத்துக்கொள்வதற்காக அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கும்போதெல்லாம் அவர் எட்டிப் பிடித்துக்கொள்வாராம். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை. மாப்பிள்ளையின் தகடுகளுக்குத் தனிச் சாயம் போடச் சொல்லியிருந்ததால் ஆறு நாள் பிடித்திருந்தது. மேடம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நம்பரைச் சொன்னார். இரண்டு.

எனக்குக் காதில் விழுந்தது, கை நகரவில்லை. “ரெண்டாங்க மேடம்?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். செல்லின் நடுவில் உப்பும் மிளகும் தூவினது போலப் புள்ளி புள்ளியாக அழகாக இருக்கிறதாம். சாயமும் சரியாக ஏறியிருக்கிறதாம். எத்தனை செல் பெருகுகிறது என்று எண்ணிப் பார்த்ததில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லையாம். கிரேடு ஒன்று. மெதுவாக வளர்கிற வகை, வாலை வெட்டி எடுத்துவிட்டால் இவர் நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

நல்ல மனுஷனாக இருந்திருந்தால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது பயம். மாட்டிக்கொள்வேனே என்ற பயம். சந்தோஷம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது. மேடம் பார்ப்பதற்குள், அவர் பெயர் போட்டு வைத்திருந்த ஒன்றாம் நம்பரை அழித்தேன். அழித்ததைக் குப்பைப் பெட்டிக்குள்ளும் போய் அழித்தேன். பிறகுதான் இரண்டைத் திறந்தேன். இவர் என் தங்கையின் கணவர் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து, ரிப்போர்ட்டில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றார்.

அன்று சாயங்காலமே போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். என்மேல் தூசு படாமல் சொல்ல வேண்டும். முதலில் வந்தது மேலோட்டமான ரிப்போர்ட், இப்போது சாயம் போட்டுப் பார்த்ததில் மாறிவிட்டது, இப்படியெல்லாம் நடக்கிறதுதான் என்று கோத்துக்கொண்டேன். கூடத்தில் இருவரும் இருந்தார்கள். ஆறே நாளில் தங்கையின் கழுத்தெலும்பு தெரிந்தது. நான் காகிதத்தை நீட்டி, நல்ல செய்தி என்று ஆரம்பித்து, கோத்ததை எல்லாம் அவிழ்த்தேன். ஆமை என்றேன், கிரேடு ஒன்று என்றேன், வெட்டினால் போதும் என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை காகிதத்தைப் படித்தார். பிறகு சிரித்தார். குழந்தை பொய் சொல்லும்போது பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

“மச்சான், இதை அடிச்சது யாரு, நீங்கதானே?”

“ஆமா.”

“கையெழுத்துகூட கம்ப்யூட்டர்லயே விழும்னு நீங்கதான் ஒருநாள் சொன்னீங்க. எனக்காகப் பொய் ரிப்போர்ட் அடிச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க. உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா இது வெளிய தெரிஞ்சா உங்களை ஜெயில்ல போட்டுருவாங்க.”

இல்லை, இதுதான் நிஜம் என்றேன். அப்படியானால் முதலில் சொன்னது என்ன என்று அவர் கேட்டார். குத்திக் காட்டிக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அங்கே ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் பார்ப்பதற்கு முன்பே நானாகச் சொன்னது என்று. அது தொண்டை வரைக்கும் வந்தது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா போனபிறகு பள்ளிக்கூடத்துக் கையெழுத்து முதல் கல்யாணம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் என் முகத்தைப் பார்த்த அதே பார்வை. நான் வாயைத் திறந்து, “முதல்ல பார்த்தது வேற மாதிரி” என்று முனகினேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டிவிட்டு, ரிப்போர்ட்டை நான்காகக் கிழித்தார். என் நன்மைக்காகக் கிழித்தார். தங்கை டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அந்த நாட்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளினேன். சர்ஜனே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார் என்று ஒருநாள் நம்பினேன். ஆமை வேகம்தானே, அவசரமில்லை என்று இன்னொரு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கௌரவத்தைக் கட்டிக்கொண்டு நான் அழ வேண்டியதுதான், அதற்காக அவர்கள் ஏன் அழ வேண்டும் என்று கேட்டாள். நான் சொல்லாவிட்டால் தானே போய்ச் சொல்லிவிடுவேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைவரை தவணை கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சர்ஜனைக் காரிடாரில் பார்த்தாராம். உங்கள் தங்கை கணவர் ஆப்பரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராமே, என்ன காரணம் என்று கேட்டார். பயப்படுகிறார் போலிருக்கிறது என்றேன். பொய் இப்போது தண்ணீர்பட்ட பாடாக வந்தது. மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

“மெதுவா வளரும்னா வளராதுன்னு அர்த்தமில்ல. இப்ப வால்ல மட்டும் இருக்கு. கல்லீரலுக்குப் போனதுக்கப்புறம் என்கிட்ட வந்தா, என்னால இந்த ரிப்போர்ட்டை எழுத முடியாது” என்றார்.

இதே வகையில் இரண்டு வருடம் சும்மா விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு என்ன ஆனது என்றும் சொன்னார்.

ஞாயிறு காலை அவர்கள் வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது. தங்கை ஸ்டியரிங்கில், மாப்பிள்ளை பக்கத்தில். பாடம் நடக்கிறது, நீங்களும் ஏறுங்கள் மச்சான், உங்கள் தங்கை ஓட்டுகிற அழகைப் பாருங்கள் என்றார். பின்சீட்டில் ஏறினேன். கடைகள் திறக்காத நேரம், தெரு காலியாக இருந்தது. அவள் நன்றாகவே ஓட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் இருபக்கமும் பார்த்து ஓட்டினாள். அவர் இரண்டு காலையும் பிரேக்கிலிருந்து தள்ளி, சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார். இனிமேல் என் கால் தேவையில்லை என்று அவளுக்குக் காட்டுகிறார் என்று புரிந்தது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“நான் முதல்ல சொன்னது ரிப்போர்ட்டே இல்ல” என்றேன்.

நான் அவர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். சதை புட்டியில் இருந்தபோதே பெயரைப் போட்டு வைத்ததைச் சொன்னேன். மேடம் பார்க்கவே இல்லை என்றேன். நான் டைப்பிஸ்ட்தான், எனக்கு ஒன்றும் தெரியாது, இத்தனை வருடமும் ஒன்றும் தெரியாது என்றேன். நீங்கள் கிழித்துப் போட்டதுதான் நிஜ ரிப்போர்ட், நாளைக்கே வந்து மேடத்திடம் கேளுங்கள் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சிறுத்துப் போனது.

தங்கை காரை ஓரம் கட்டினாள். அவசரமில்லாமல், கற்றுக்கொடுத்தபடி, சிக்னல் போட்டு, கண்ணாடியில் பார்த்து, ஓரம் கட்டினாள். ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் கண் மட்டும் தெரிந்தது.

“உனக்கு நிஜம் எப்பத் தெரிஞ்சுது?”

“அந்தப் புதன்கிழமை.”

“அப்ப பதினோரு நாளா தெரியும்.”

“ம்.”

“முதல் ஆறு நாளு, உனக்கே தெரியாம சொல்லிட்ட. சரி. இந்தப் பதினோரு நாளும் இவர் எனக்கு எதையெல்லாம் எங்க வெச்சிருக்கேன்னு காட்டிக்கிட்டிருந்தார், அண்ணா. கேஸ் சிலிண்டர் புக், வீட்டுப் பத்திரம், கடைசியா தனக்குப் போட வேண்டிய சட்டை. நீ டீ குடிச்சுட்டுப் போன.”

மாப்பிள்ளை அவள் கையைத் தொட்டு, விடு என்றார். அவள் விடவில்லை. இறங்கு என்றாள். இறங்கினேன். கதவைச் சாத்துவதற்குள் கார் கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போய் ஒரே வளைப்பில் திரும்பி, என்னைத் தாண்டிப் போனது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். சரி என்றா, போ என்றா தெரியவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன். எதிரில் வந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போல ஓரமாகவே நடந்தேன்.

திங்கட்கிழமை அவர்கள் வருவதற்கு முன்பே மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வெட்டிக்கொண்டவர்கள் யாரும் நன்றாக இருந்ததில்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டார். என் கைக்கு வந்த ரிப்போர்ட்டுகளை வைத்து என்றேன். மறுபடி வந்ததெல்லாம், பரவிவிட்டது என்றுதானே வந்தது என்றேன்.

“நல்லா ஆனவங்க நமக்கு எதுக்கு மறுபடி சதை அனுப்பணும்?” என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஒரு கேள்வி என் மண்டையில் உதிக்கவில்லை. அவர்களெல்லாம் எங்கேயோ வேலைக்குப் போய்க்கொண்டு, பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு, எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறார்கள். நான் பார்த்தது திரும்பி வந்தவர்களை மட்டும்தான்.

பதினொரு மணிக்கு மாப்பிள்ளையும் தங்கையும் வந்தார்கள். மேடம் அவர்களை உள்ளே அழைத்து, மாப்பிள்ளையே மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கட்டும் என்றாராம். நான் அறைக்கு வெளியே நின்றேன். அன்று மதியமே என்னை ரிப்போர்ட் வேலையிலிருந்து எடுத்து, பழைய தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். விசாரணை வைத்து ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

குறித்த தேதி வேறு ஒருவருக்குப் போய்விட்டதால் ஆப்பரேஷனுக்கு இன்னொரு மாதம் ஆனது. வாலையும் அதோடு மண்ணீரலையும் எடுத்தார்கள். வெட்டிய ஓரங்கள் சுத்தம், பக்கத்து நிணநீர் முடிச்சுகளிலும் ஒன்றுமில்லை என்று புதிதாக வந்த டைப்பிஸ்ட் பெண் அடித்தாள். அவள் எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து அடிக்கிறாள், மெதுவாக. நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்தும் வார்டுக்குப் போகவில்லை. படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வருவேன். மாப்பிள்ளைதான் போனில் பேசுவார். பழையபடி கேலி பேச முயற்சி செய்வார், நான்தான் ஈடு கொடுக்க முடியாமல் திணறுவேன். தங்கை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவியிடம் பேசுவாள், என் பெயர் வந்தால் பேச்சை மாற்றிவிடுவாளாம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில், மாப்பிள்ளை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஸ்கேன் சுத்தமாக வந்திருந்தது. மறுபடி பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார், கன்னத்தில் சதை போட்டிருந்தது. தங்கை பரிமாறினாள். தட்டில் வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போதும் என்று நான் கையைக் காட்டினாலும் அவள் பார்வை என் கையோடு நின்றுவிடும், முகத்துக்கு வராது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டபின் மாப்பிள்ளை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனார். வெயில் ஜன்னல் வழியாக அவர் வயிற்றில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒரு பழைய பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எப்போது கிளம்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து தங்கை வந்தாள். மேசையைத் துடைத்தாள். நாற்காலியைத் தாண்டிப் போகிறவள் நின்றாள். குனிந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, புறங்கையை அவர் மூக்குக்கு நேரே வைத்தாள். தொடவில்லை, ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தாள். மூச்சு வந்து படுகிறதா என்று அசையாமல் காத்திருந்தாள். பட்டிருக்க வேண்டும். அவள் தோள் மெல்ல இறங்கியது. புதிதாகச் செய்கிற காரியமாக அது தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்து பழகின கை அது.

பத்திரிகைக்கு மேலே என் கண்ணை அப்போதுதான் பார்த்தாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். திருட்டுத்தனம் செய்து அகப்பட்டவள் மாதிரி அவள் முகம் சிவந்துவிட்டது.

“ஈ உட்கார்ந்திருந்துது” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் தங்கை என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ஆமாம், நானும் பார்த்தேன் என்றேன்.